வெளிச்சவீட்டை உடைத்தது சரியா

என் தங்கையின் கணவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். சிகரெட் இல்லை, வெற்றிலை இல்லை, உரத்த பேச்சு இல்லை. என் உம்மாவை உம்மா என்றேதான் கூப்பிடுகிறார். கலியாணம் முடிந்த முதல் மாதம் முழுக்க ஒரு குறையாவது அகப்படாதா என்று நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அகப்படவில்லை. அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு ஒரு வெள்ளிக்கிழமை நான் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தபோது, "மச்சான், நானும் இந்தத் தொடர் பாக்கிற ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டு அவர் என் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இடத்தில்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு ஆங்கில விஞ்ஞானத் தொடர். நானும் தங்கையும் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது, இன்றுவரைக்கும் முடியவில்லை. வானவெளியின் கடைசி எல்லையில் ஒரு நிலையம் இருக்கிறது. வழிதவறி வருகிற கலங்களுக்கு விளக்குக் காட்டுவது அதன் வேலை. எங்களுக்கு அது வெளிச்சவீடு. ஒவ்வொரு கிழமையும் எங்கிருந்தோ ஒரு கலம் வரும், அதோடு ஒரு சிக்கலும் வரும், காவலர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். யாரையும் சுட மாட்டார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை காவலர்கள் மாறுவார்கள், விளக்கு மட்டும் அணையாது.

தங்கை எனக்கு ஆறு வயது இளையவள். ஆங்கிலம் அவளுக்கு அப்போது விளங்காது. எனக்கும் பாதிதான் விளங்கும், ஆனால் அதை நான் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. படம் ஓட ஓட நான் விளங்கப்படுத்துவேன், அவள் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். சுனாமிக் கடல் வந்த வருஷம் சாய்ந்தமருதில் எங்கள் வீடு இடிந்து, சம்மாந்துறையில் மாமா வீட்டில் போய் மாதக்கணக்கில் இருந்தோம். அங்கேயும் பார்த்தோம். பிறகு சீடி வந்தது, பென் ட்ரைவ் வந்தது. கல்முனை பசாரில் நான் மருந்து விற்கிற பாமசியில் இன்டர்நெட் வேகம் அதிகம். வியாழக்கிழமை புதுப் பாகம் வெளியாகும். நான் அதை இறக்கி, சட்டைப் பையில் போட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் தங்கைக்குக் காட்டுவேன். எத்தனை வருஷம்! அவள் பட்டப்படிப்புக்குப் போன பிறகும் அது மாறவில்லை. வெளியில் எவனுக்கும் தெரியாத ஒரு உலகம் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். தங்கையைக் கரைசேர்த்துவிட்டுத்தான் அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார், முடிப்பார்கள், அதனால் நான் இன்னும் முடிக்கவில்லை. வாப்பா பாடுபட்டுத் திரும்பக் கட்டிய கல்வீட்டைத் தங்கையின் பேருக்கு எழுதினார். கலியாணத்துக்கு முதல் கிழமையே உம்மாவும் வாப்பாவும் நானும் வீட்டுக்குப் பின்னால், பின்வளவில் கட்டிய இரண்டு அறைக்கு மாறிவிட்டோம். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் தொலைக்காட்சி முன்வீட்டில் நின்றுவிட்டது. நான் வளர்ந்த மண்டபத்துக்குள்ளே, வாசலில் நின்று ஸலாம் சொல்லி, "வாங்க மச்சான்" என்று ஒருத்தர் சொன்ன பிறகு போக வேண்டியிருந்தது.

சரி, அதையும் பொறுத்தேன். அவர் தொடரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தக் காவலர் எந்த வருஷம் வந்தார், எந்தப் பாகத்தில் விளக்கு ஒரு நிமிஷம் மங்கியது, எல்லாம். நான் ஒன்று சொன்னால் "ஓம் மச்சான், சரிதான்" என்பார். ஒருநாளும் மறுத்துப் பேச மாட்டார். சண்டைக்கு வருகிறவனோடு சண்டை பிடிக்கலாம். தலையாட்டுகிறவனை என்ன செய்கிறது? தங்கை அவர் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு அந்த வீட்டில் இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது பொறாமைதான். வேறு பேர் வைக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் தொடரின் புதுப் பருவம் வந்தது. முதல் பாகத்திலேயே வெளிச்சவீட்டை உடைத்துப் போட்டார்கள். நிலையமும் இல்லை, விளக்கும் இல்லை. காவலர்கள் ஒரு ஓட்டைக் கலத்தில் ஏறி ஊர் ஊராக அலைகிறார்கள். ஒவ்வொரு கிழமையும் அழுகை. தொடரே போச்சு என்று நான் தீர்ப்புக் கொடுத்துவிட்டேன்.

தீர்ப்புக் கொடுக்க எனக்கு ஒரு இடமும் இருந்தது. மருதமுனையிலிருந்து பாலமுனைவரை இந்தத் தொடரைப் பார்க்கிற முப்பது பேர் வரை சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். தொடங்கினவன் நான், அட்மினும் நான்தான். கைத்தறிச் சாரம் விற்கிறவர், மீன் ஏலக்காரர், வங்கியில் வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எல்லா ரகமும் உண்டு. மாதத்தில் ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் கூடுவோம். வடையும் பிளேன்டீயும் முடியும், வாக்குவாதம் முடியாது. ஆம்பிளைகள் மட்டும் என்று தொடக்கத்திலேயே விதி போட்டிருந்தேன். தங்கை ஒருதரம் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். "அது சரிவராது புள்ள, கண்ட ஆக்கள் எல்லாம் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. மாப்பிள்ளையைச் சேர்க்காமல் விட முடியுமா? தொடர் பார்க்கிற ஆள் என்று தெரிந்த மூன்றாம் நாளே மரியாதைக்குச் சேர்த்தேன்.

வெளிச்சவீட்டை உடைத்தது சரியா பிழையா என்று குரூப் இரண்டாகப் பிளந்து நின்றது. பிழை என்ற கட்சிக்கு நான் தலைவர். முக்கால்வாசிப் பேர் என் பக்கம்தான் நின்றார்கள்.

அதற்குள் இன்னொன்று நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வழமைபோல் பென் ட்ரைவோடு முன்வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை புதுத் தொலைக்காட்சி வாங்கி மாட்டியிருந்தார், இன்டர்நெட்டில் நேரே ஓடுகிறது. பென் ட்ரைவ் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. வாங்கிச் செருகினார், அவருடைய நல்ல குணம் அது. மூன்று பேரும் பார்த்தோம். பாதியில், மூத்த காவலர் ஒரு அந்நியக் கதவைத் தட்டுகிற காட்சி வருகிறது. கதவு திறக்கும்வரை என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காவலர் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே தங்கை முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. வரப்போகிற காட்சிக்கு முன்கூட்டியே எவளாவது அழுவாளா?

"நீ இது முதலே பாத்திட்டாயா?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளைதான், "நேத்து மஃரிபுக்குப் பிறகு சும்மா போட்டுப் பாத்தம் மச்சான். உங்களோட திரும்பப் பாக்கத்தானே போறம் எண்டு..." என்று இழுத்தார்.

எத்தனை கிழமையாக என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. நான் விளங்கப்படுத்துகிறதை அவள் இரண்டாந்தரம் பார்ப்பவளாக, முகத்தை வியப்பாக வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்! எனக்காக நடித்திருக்கிறாள். பின்வளவுக்கு வந்து பாயில் குப்புறக் கிடந்தேன். முப்பத்துநாலு வயது ஆம்பிளை ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அப்படிக் கிடப்பானா என்று கேட்பீர்கள். கிடந்தேன்.

அன்று பின்னேரம் குரூப்பில் ஐந்து நிமிஷக் குரல் பதிவு ஒன்று போட்டேன். புதுப் பருவம் குப்பை, அதை ரசிக்கிறவன் பழசை ஒருநாளும் விளங்கிப் பார்த்திருக்க மாட்டான் என்று. யாரைச் சொன்னேன் என்று விளங்க வேண்டியவருக்கு விளங்கியிருக்கும். ஒரு மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் நம்பரிலிருந்து ஒரு பதில் வந்தது. அதுவரை குரூப்பில் ஸலாமும் ஜும்ஆ முபாரக்கும் தவிர ஒன்றும் போடாதவர் அவர். அந்த எழுத்து இன்னும் என் போனில் இருக்கிறது:

"வெளிச்சவீட்டில இருந்த காவலர்கள் ஒருநாளும் கதவுக்கு வெளியே நின்டவங்க இல்ல. வாறவன் நிப்பான், இவங்க உள்ளுக்க இருந்து புத்தி சொல்லுவாங்க. இப்பதான் முதல்தரம் இவங்க அடுத்தவன் வாசலில நிக்கிறாங்க. வீடு இடிஞ்ச பிறகு மனுஷன் எப்படி இருப்பான் எண்டு எங்கட ஊருக்கு ஆரும் சொல்லித் தரணுமா? அடுத்தவன் வீட்டு டிவிக்கு முன்னால, நாங்களா சனலை மாத்தக் கூடாது எண்டு கையை மடியில வச்சிட்டு இருந்த புள்ளைகளுக்கு இந்தக் கதை விளங்கும். விளக்கு அணைஞ்சா என்ன செய்வாங்க எண்டு தெரியாட்டி அவங்கள் என்ன காவலர்கள்?"

குரூப்பில் இதயம் இதயமாகக் கொட்டியது. மீன் ஏலக்காரர், "மாஷா அல்லாஹ், எனக்கு அழுகை வந்திட்டு" என்று போட்டார். கைத்தறிக்காரர் கட்சி மாறினார். என் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஆனால் என்னைச் சுட்டது அது இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் யார்? நானும் தங்கையும். சம்மாந்துறை மாமா வீட்டில், ரிமோட்டைத் தொடாமல், மாமாவின் மக்கள் எப்போது எழும்பிப் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள். அதை அவள் இவரிடம் சொல்லியிருக்கிறாள். இவர் அதைத் தன் கதை மாதிரி எடுத்து முப்பது பேருக்கு முன்னால் விரித்துவிட்டார். இரவெல்லாம் பொருமினேன். மறுநாள் காலையில் பாமசிக் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அவர் பெயரை அழுத்தி, குரூப்பிலிருந்து நீக்கினேன்.

நல்லா இருந்தது. பகல்வரை நல்லாவே இருந்தது.

பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் இல்லை.

"காலையில நீ கடைக்குப் போன பிறகு போனவர் மகன், பாலமுனைக்கு, தாய் வீட்டுக்கு. தேத்தண்ணியும் குடிக்கல்ல. உம்மா போயிட்டு வாறன் எண்டு மட்டும் சொன்னார். முகம் ஒரு மாதிரியாக் கிடந்த" என்றாள் உம்மா.

உண்மையைச் சொன்னேன். உம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"புது மாப்பிள்ளைய ஆராவது வெளிய போடுவானாடா?"

"வீட்டால இல்ல உம்மா, வாட்ஸ்அப்பால."

"எதால போட்டா என்ன? போட்டது போட்டதுதானே! யா அல்லாஹ், எட்டு மாசத்தில மாப்பிள்ளை கோவிச்சிட்டுப் போயிட்டார் எண்டு ஊர் கதைக்கப் போகுதே. என்ட புள்ளட வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டாயே!"

மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவது எங்கள் ஊர்களில் விளையாட்டு இல்லை. இரண்டு நாள் தாண்டினால் பெரியவர்கள் கூட வேண்டிவரும், பள்ளிவாசல்வரை பேச்சுப் போகும். அதற்கு முன்னால் பெண்ணின் காக்கா போய்க் கூட்டிவர வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. தங்கையைக் கேட்கலாம் என்றால் சனிக்கிழமை அவளுக்குப் பட்டப்படிப்பின் வெளிவாரி வகுப்பு, போன் நிறுத்திக் கிடந்தது. உம்மா என் கையில் ஒரு சீப்புக் கதலிப்பழத்தைத் திணித்தாள். வழியில் ஒரு பெட்டி மஸ்கற் அல்வா வாங்கினேன்.

நிந்தவூர் தாண்டி, ஒலுவில் தாண்டி, உச்சி வெயிலில் போனேன். போகிற வழியெல்லாம் மாப்புக் கேட்கிற வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் நடுவில் "ஆனா மச்சான், நீங்களும் அத எழுதியிருக்கக் கூடாது" என்று ஒரு வரி தானாக வந்து புகுந்தது. மஸ்கற் வெயிலில் இளகி, எண்ணெய் பெட்டியைத் தாண்டிக் காற்சட்டைக்கு வந்திருந்தது.

பாலமுனையில் மாப்பிள்ளையின் உம்மா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னையும் பழத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன மகன் இந்த வெயிலுக்க? வீட்டில ஆருக்கும் சுகமில்லையா?" என்று பதறினார். கோபித்துக்கொண்டு வந்த மகனின் தாய் பேசுகிற பேச்சாக அது இல்லை. மாப்பிள்ளை கிணற்றடியில் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தண்ணீர் மோட்டாரைக் கழற்றி நிலத்தில் பரப்பி வைத்திருந்தார். முழங்கைவரை கிரீஸ்.

"வாங்க மச்சான்! உம்மாட மோட்டர் விடியவே நின்டு போச்சு. தண்ணி இல்லாம கஷ்டப்படுறா எண்டு தேத்தண்ணியும் குடிக்காம ஓடி வந்தன்."

"கோவம் இல்லையா மச்சான்?"

"என்னத்துக்குக் கோவம்?"

"குரூப்பால நீக்கினதுக்கு."

அவர் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுப் போனைத் தேடி எடுத்துப் பார்த்தார். காலையிலிருந்து பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இருந்தாலும் என் வாய் சும்மா கிடக்குமா?

"நீங்க அந்த டிவிக் கதைய எழுதியிருக்கக் கூடாது மச்சான். அது என்டயும் தங்கச்சிடயும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே தாய்க்குக் கேட்காதபடி கொஞ்சம் கிட்ட வந்தார்.

"மச்சான், அது நான் எழுதின இல்ல. அவதான் சொன்னா. அவ சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினன். ஒரு எழுத்துக்கூட என்ட இல்ல. காக்காக்குத் தெரியவேணாம், ஒரு மாதிரி நினைப்பார் எண்டு சொன்னதால பேசாம இருந்தன்."

நான் மோட்டாரின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உண்மையச் சொன்னா," என்று இன்னும் குரலைத் தாழ்த்தினார், "எனக்கும் வெளிச்சவீட்ட உடைச்சது துண்டாப் புடிக்கல்ல. நான் உங்கட கட்சிதான். வீட்டில அத வாய்விட்டுச் சொல்ல ஏலா, அவ்வளவுதான்."

என் கட்சியில் மிச்சமிருந்த ஒரே ஆளையும் நானே நீக்கியிருக்கிறேன். கோபிக்க ஆள் இல்லாமல் போனது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. எட்டு மாதமாக நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ அவர் மஸ்கற் பெட்டியைத் திறந்து, "உருகிட்டே மச்சான்" என்று கிரீஸ் படாத இரண்டு விரலால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

அஸருக்குப் பிறகு வீடு வந்தேன். வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். தங்கை வகுப்பால் வந்து, மண்டபத்தில் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவருடைய அழைப்பு எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

"உனக்கு இப்படி ஒரு கருத்து இருக்கு எண்டு எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். வேறு மாதிரிக் கேட்க எனக்குப் பழக்கமில்லை.

"சொன்னன் காக்கா."

"எப்ப?"

"முதல் பாகம் முடிஞ்ச அண்டைக்கே சொன்னன். அதுக்குப் பிறகும் ரெண்டு தரம் சொன்னன். நீங்க எனக்கு விளங்கப்படுத்தினீங்க."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கொப்பியை அடுக்கிக்கொண்டே, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல்தான் சொன்னாள். எனக்கு அந்த மூன்று தரமும் ஞாபகத்துக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை. நான் பேசியது எல்லாம் ஞாபகம் இருந்தது.

"குரூப்பில சேக்கிறன் புள்ள, இப்பவே சேக்கிறன்" என்று போனை எடுத்தேன்.

"உங்கட குரூப் எனக்கு வேணாம்" என்றாள். "நான் அவங்களுக்காகவா எழுதினன்? உங்கட குரல் பதிவ அவர் போட்டுக் காட்டினார். பழசை விளங்கிப் பாக்காதவன் எண்டு சொன்னீங்கதானே. என்னத்தான் சொல்லுறீங்க எண்டு நினைச்சுத்தான் பதில் சொன்னன்."

நான் அவரைச் சொன்னேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது இன்னும் கேவலம் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன். உம்மா பின்கதவால் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை எங்க?" என்றாள். மோட்டார் பூட்டிவிட்டு வருவார் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம். பென் ட்ரைவ் கொண்டுபோகவில்லை. காவலர்கள் ஒரு பாழடைந்த கிரகத்தில் இறங்கினார்கள், ஒருத்தி மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். எனக்கு அதைப் பற்றி நாலு வசனம் தயாராக இருந்தது. விழுங்கினேன். பாகம் முடிந்ததும், "அவ ஏன் அந்த மண்ணக் கீழ போட்ட?" என்று தங்கையிடம் கேட்டேன்.

முதலில் நம்பாமல் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அந்தக் காவலாளிக்கு ஊர் என்று ஒன்று வேண்டாமாம், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இப்போதுதான் தைரியம் வந்ததாம். ஏழு வயதிலேயே அவளுக்குப் பழைய காவலர்களில் ஒருத்தரைக் கண்டால் பயமாம். நான் வீரன் வீரன் என்று கொண்டாடிய ஆள் அவர். மாமா வீட்டில் இருந்த காலத்தில் வெளிச்சவீடு உடைந்தால் நல்லம், அப்போது அவர்களும் எங்கள் மாதிரி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு படுப்பாளாம். கையை ஆட்டி, எழும்பி நின்று, திரும்ப உட்கார்ந்து கதைத்தாள். என் தங்கை இவ்வளவு கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் மூன்று இடத்தில் எனக்கு மறுக்க வேண்டும்போல் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாப்பிள்ளை பிளேன்டீ ஊற்ற எழும்பிப் போனார். அவருக்கு அதெல்லாம் கேட்ட கதை. மறுபடியும் வயிறு எரிந்தது, முன்னையதைவிட மோசமாக எரிந்தது. அவர் எட்டு மாதத்தில் கேட்டு முடித்ததை, அவள் பிறந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்த நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.